பாலையில் நீர் பாய்ச்சிய ஓகானர்

பொன் இருந்தது, குடிக்க நீர் இல்லை. 1892 செப்டம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் கூல்கார்டி என்னும் இடத்தில் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில், அதற்கு 24 மைல் அப்பால் கால்கூர்லியிலும் பொன் கிடைத்தது. செய்தி பரவியதும் உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் திரண்டனர். வந்தவர்கள் கண்டது என்ன? ஆண்டுக்குப் பத்து அங்குலமே மழை காணும் வறண்ட நிலம். ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஏரி என்று பெயர் பெற்றவை உப்புப் படுகைகள். நிலத்தைத் தோண்டினால் ஊறுவதும் உப்பு நீர்.

அந்தப் பாலைக்கு 330 மைல் தொலைவிலிருந்து, கீழ்நிலத்திலிருந்து மேட்டுநிலத்துக்கு, இரும்புக் குழாய் வழியே ஆற்று நீரை ஏற்றிக் காட்டியவர் சார்லஸ் எல்வர்ட்டன் ஓகானர். அணை கட்டி வாய்க்கால் வெட்டியவர்களின் வரலாறுகள் நமக்குத் தெரியும். அவர்கள் நீரை இறங்கவிட்டார்கள், இவர் ஏறவிட்டார். தம் உழைப்பின் பயனைக் காண இவர் உயிரோடு இருக்கவில்லை என்பதே வரலாற்றின் கொடுமை. பொதுப் பணத்தில் ஒரு பெரும் நீர்த்திட்டம் எழுந்தால் அதனால் யாருக்கு வேலை, யாருக்கு வாழ்வு, யாருக்கு இழப்பு என்று கேட்போருக்கு இவர் வாழ்க்கை நல்ல விடை தரும்.

இளமை

ஓகானர் 1843 ஜனவரி 11-ஆம் நாள் அயர்லாந்தில் மீத் வட்டாரத்தில் பிறந்தார். அவருடைய சிறு பருவத்தில்தான் உருளைக்கிழங்கு நோயால் விளைந்த பெரும் பஞ்சம் அயர்லாந்தை வாட்டியது. லட்சக்கணக்கானோர் மாண்டனர், லட்சக்கணக்கானோர் கப்பலேறினர். அந்த மண்ணில் வளர்ந்த இளைஞர் இருப்புப்பாதைப் பொறியாளர் ஒருவரிடம் தொழில் பயின்றார். பிறகு 1865-இல், இருபத்திரண்டாம் வயதில், நியூசிலாந்துக்குப் பிழைப்புத் தேடிச் சென்றார்.

அங்கும் அவரை வரவேற்றது பொன்தான். தென்தீவின் மேலைக் கரையில் ஹோகிடிகாப் பகுதியில் அப்போது பொன்வேட்டை நடந்துகொண்டிருந்தது. கிரைஸ்ட்சர்ச் நகரிலிருந்து பனிமலைகளைக் கடந்து ஹோகிடிகாவுக்கு வண்டிப்பாதை போடும் பணியில் இளம் ஓகானர் ஈடுபட்டார். பின்னர் அந்த வட்டாரத்திலேயே பொன் மணலைக் கழுவுவதற்கான வாய்க்கால்களும் துறைமுகப் பணிகளும் அவர் பொறுப்பில் வந்தன. பொன் தேடி வருவோர் கூட்டம் எவ்வளவு விரைவில் ஊர்களை எழுப்புகிறது, பொன் தீர்ந்ததும் எவ்வளவு விரைவில் அவற்றைக் கைவிடுகிறது என்பதை அவர் கண்ணாரக் கண்டார். பொன் போய்விடும், பாதையும் துறையும் நிற்கும். இதை அவர் எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நியூசிலாந்தில் அவர் கால் நூற்றாண்டு உழைத்தார். பொதுப்பணித் துறையின் துணைச் செயலாளர் பதவி வரை உயர்ந்தார். ஆனால் அவர் எதிர்பார்த்த தலைமைப் பொறியாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. மனம் நொந்திருந்த வேளையில் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்தது. 1890-இல்தான் தன்னாட்சி பெற்ற குடியேற்ற நாடு அது. அதன் முதல் முதலமைச்சர் ஜான் பாரஸ்ட். தலைமைப் பொறியாளராக வந்தால் தம் பொறுப்பில் இருப்பது இருப்புப்பாதையா, துறைமுகமா, வேறு எதுவா என்று ஓகானர் தந்தி மூலம் கேட்டாராம். எல்லாமே அவர் பொறுப்புத்தான் என்று பாரஸ்ட் மறுமொழி அனுப்பினாராம். 1891-இல் ஓகானர் பெர்த் நகர் வந்து சேர்ந்தார்.

துறைமுகம்

அவ்வாண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் முக்கால் பங்குக்கு மேல் பரப்புடைய அந்நாட்டில் குடியேறி வாழ்ந்தவர்கள் ஐம்பதினாயிரம் பேருக்கும் குறைவு. நல்ல துறைமுகம் இல்லை. பெரிய அஞ்சல் கப்பல்கள் தெற்கே தொலைவிலுள்ள ஆல்பனியில் நின்று சென்றன. பெர்த் நகரை அடுத்த பிரிமாண்டிலில் ஸ்வான் ஆறு கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தைச் சுண்ணாம்புப் பாறை ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. ஆற்றுக்குள் துறைமுகம் அமைப்பது பயனற்ற வேலை என்று புகழ்பெற்ற ஆங்கிலப் பொறியாளர் ஜான் கூட் கருத்துச் சொல்லியிருந்தார். மணல் ஓட்டத்தை நன்கு ஆராய்ந்த ஓகானர் அக்கருத்தை மறுத்தார். பாறையை வெடிவைத்துத் தகர்த்து, ஆற்றின் முகத்திலேயே துறைமுகம் அமைத்தார். 1892-இல் தொடங்கிய பணியின் பயனாக 1897 மே மாதம் முதல் பெரிய கப்பல் உள்ளே வந்தது. 1900-இல் அஞ்சல் கப்பல்களும் ஆல்பனியை விட்டு இங்கே வந்தன. கப்பல்களோடு வேலைகளும் இடம் மாறின. ஆல்பனிக்கு அது இழப்பு, பிரிமாண்டிலுக்கு வாழ்வு. பெரிய பணிகள் செல்வத்தை உண்டாக்குவதோடு நிற்பதில்லை. அதை இடமும் மாற்றுகின்றன.

நீரின் விலை

இதற்கிடையில் பொன்வயல்களில் மக்கள் பெருகிவிட்டனர். 1896-இல் இருப்புப்பாதை அங்கே போய்ச் சேர்ந்தது. ஆயினும் நீருக்குப் பஞ்சம் தீரவில்லை. நீராவி வண்டிக்கே நீர் வேண்டும் அன்றோ? பொன்வயலுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் இரயில், தன் தாகத்துக்கான நீரையும் சுமந்து செல்ல வேண்டியிருந்தது!

உப்பு நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து நன்னீராக்கி விற்பது அங்கே பெருந்தொழிலாயிற்று. அறிவியல் பயிலும் நமக்கு அதன் கணக்கு எளிதில் விளங்கும். நீரை ஆவியாக்க மிகுந்த வெப்பம் வேண்டும். வெப்பத்துக்கு விறகு வேண்டும். அருகிலுள்ள மரங்கள் தீரத்தீர விறகு தொலைவிலிருந்து வர வேண்டும். ஆகவே நீரின் விலை என்பது உண்மையில் விறகின் விலையும், அதை வெட்டிச் சுமப்பவனின் கூலியுமே. ஒரு காலன் நீர் சில பென்சுக்கு விற்றது. வறட்சி மிகுந்தபோது ஷில்லிங் கணக்கில் ஏறியது. கூலி உயர்வாகக் கிடைத்தும் தொழிலாளியின் கையில் மிச்சம் நிற்கவில்லை. குளிப்பது ஆடம்பரம், தூய்மை கனவு. அதன் விளைவாக நச்சுக்காய்ச்சல் என்னும் டைபாய்டு பரவி நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று.

நம் நாட்டவர் சிலரையும் இங்கே நினைவுகூர வேண்டும். தண்டவாளம் வருமுன் பொன்வயலுக்கு உணவும் நீரும் சுமந்தவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டியவர்களை அங்குள்ளோர் ஆப்கானியர் என்றே பொதுவாக அழைத்தனர். ஆனால் அவர்களில் பலர் பலூசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் ஆகிய பகுதிகளிலிருந்து, அன்றைய இந்தியாவிலிருந்து, சென்றவர்கள். நீர் சுமக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. பொன் தோண்ட உரிமை இல்லை. ஆசியருக்குச் சுரங்க உரிமம் மறுக்கப்பட்டிருந்தது.

அந்நிலத்தின் பழங்குடி மக்கள் காலங்காலமாகப் பாறைக் குழிகளில் மழை நீரைத் தேக்கி, ஆவியாகாதபடி கல்லால் மூடிக் காத்துவந்தனர். பொன் தேடி வந்தவர்கள் அந்தக் குழிகளைக் கண்டுபிடித்துத் தம் குதிரைகளுக்கு ஊற்றித் தீர்த்தனர்.

திட்டம்

1896-இல் ஓகானரின் திட்டம் சட்டமன்றத்துக்கு வந்தது. பெர்த் அருகே மலைச்சரிவில் ஓடும் ஹெலினா ஆற்றில் முண்டாரிங் என்னும் இடத்தில் அணை. அங்கிருந்து 30 அங்குல விட்டமுள்ள எஃகுக் குழாய். வழியில் எட்டு நீரேற்று நிலையங்கள். மொத்தம் ஆயிரம் அடிக்கு மேல் ஏற்றம். நாளொன்றுக்கு 50 லட்சம் காலன் நீர். அதற்காகும் செலவு 25 லட்சம் பவுன், அவ்வளவும் கடன். 1901-இல் அந்நாட்டின் மக்கள்தொகை 1,84,124. கைக்குழந்தை உட்பட ஆளுக்குப் பதின்மூன்று பவுனுக்கு மேல் கடன் என்று பொருள்.

ஓகானர் சொன்ன விற்பனை விலை ஆயிரம் காலனுக்கு 3 ஷில்லிங் 6 பென்ஸ். காய்ச்சிய நீரை ஒரு காலன் ஒரே ஒரு பென்னிக்கு விற்பதாகவே வைத்துக்கொண்டாலும், ஆயிரம் காலனுக்கு 4 பவுனுக்கு மேல் ஆகிறது. இருபத்து நான்கில் ஒரு பங்கு விலை! 50 லட்சம் காலனும் நாள்தோறும் விற்றுப்போனால் ஆண்டு வருமானம் 3 லட்சத்து 19 ஆயிரம் பவுன் கிடைக்கும். அதைக்கொண்டு கடனையும் வட்டியையும் அடைத்துவிடலாம் என்பது கணக்கு.

எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வியும் அறிவற்றதன்று. நாளை பொன் தீர்ந்துபோனால் இக்கடனை யார் தீர்ப்பது? இவ்வளவு தொலைவுக்கு இவ்வளவு நீரை யாரும் ஏற்றியதில்லையே, குழாய் வழியெல்லாம் கசிந்துவிட்டால் என்ன செய்வது? திட்டத்தை ஆராய இங்கிலாந்தில் கர்ரதர்ஸ், டீக்கன், அன்வின் என்னும் மூன்று வல்லுநர்கள் அமர்த்தப்பட்டனர். ஓகானர் 1897-இல் இலண்டன் சென்று அவர்கள்முன் தம் திட்டத்தை விளக்கினார். நடைபெறக்கூடியதே என்று அவர்கள் முடிவு கூறினர்.

கசிவைத் தடுக்கும் வழி ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தது. அக்காலத்துக் குழாய்களைத் தகட்டை வளைத்து ஆணி அறைந்து செய்தனர். ஒவ்வோர் ஆணித்துளையும் கசிவுக்கு வாயில். உள்ளே துருத்தும் ஆணித்தலைகள் நீரோட்டத்துக்குத் தடை. மெல்போர்னைச் சேர்ந்த மெபன் பெர்குசன் என்பவர் இரண்டு அரைவட்டத் தகடுகளை நெடுகப் பூட்டுச் சட்டத்தால் கவ்வி இறுக்கும் முறையைக் கண்டிருந்தார். ஆணி இல்லை, ஆகவே கசிவும் உராய்வும் குறைவு. உராய்வு குறைந்தால் நீரேற்றும் எந்திரத்துக்கு எரிபொருள் குறையும். ஓகானர் இம்முறையைத் துணிந்து ஏற்றார்.

28 அடி நீளத்தில் ஏறத்தாழ 60,000 குழாய்கள் தேவைப்பட்டன. எஃகுத் தகடுகள் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தன. ஆனால் அவற்றைக் குழாயாக்கும் தொழிற்சாலைகள் பெர்த் அருகிலேயே எழுந்தன. கடன் பணத்தில் ஒரு பகுதி இவ்வாறு உள்ளூரிலேயே கூலியாக இறங்கிற்று. 1898 முதல் அணையில் கற்காரை இடுவோர், காட்டில் பள்ளம் தோண்டுவோர், குழாய் இறக்குவோர், ஈயத்தைக் காய்ச்சி மூட்டுகளை அடைப்போர் என்று பல வகைத் தொழிலாளருக்கும் ஆண்டுக்கணக்கில் வேலை கிடைத்தது.

பழியும் முடிவும்

பணி நடக்க நடக்கப் பழியும் வளர்ந்தது. அணைக்கு அடித்தளம் தோண்டியபோது பாறையில் ஆழ்ந்த பிளவு ஒன்று தென்பட்டது. அதைச் சீர்செய்யக் காலமும் பணமும் கூடுதலாயின. மூட்டு அடைக்கும் வேலையைக் கையால் செய்வதா, புதிய எந்திரத்தால் செய்வதா என்பதிலும் பூசல் எழுந்தது. எந்திர வேலையைக் குத்தகைக்கு விட்டதில் ஊழல் என்று பேச்சுக் கிளம்பியது. பெர்த்தின் சண்டே டைம்ஸ் ஏடு ஓகானரின் நேர்மையையே தாக்கி எழுதியது. அவருக்கு அரணாக நின்ற பாரஸ்ட், 1901-இல் புதிய ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் அமைச்சராகப் போய்விட்டார். அரசு அலுவலர் ஆதலால் ஓகானர் பொதுமக்கள்முன் வாய்திறந்து மறுமொழி கூறவும் இயலவில்லை. அல்லும் பகலும் உழைப்பு, அதற்குமேல் அவதூறு.

1902 மார்ச் 10-ஆம் நாள் காலை, வழக்கம்போல் குதிரையேறிக் கடற்கரைக்குச் சென்றார். பிரிமாண்டிலுக்குத் தெற்கே குதிரையோடு நீரில் இறங்கித் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். வயது ஐம்பத்தொன்பது. மேசையில் விட்டுச் சென்ற கடிதத்தில் தம் மனவேதனையைச் சொன்னதோடு, திட்டம் முடிக்கக்கூடியதே என்றும் எழுதியிருந்தார். கடைசி வரி அணையின் பக்கச் சுவர்களை உடனே கட்டவேண்டும் என்னும் பொறியியல் குறிப்பு. சாவின் வாயிலிலும் அவர் மனம் அணையைவிட்டு அகலவில்லை.

குழாயைத் திறந்தபோது நீர் வரவில்லை, அதனால் மனமுடைந்து இறந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அது கதையே. அவர் இறந்தபோது குழாய் முடிவுறவே இல்லை. கால்கூர்லியில் யாரும் நீருக்காகக் காத்து நிற்கவும் இல்லை. அவரைக் கொன்றது பொறியியல் தோல்வி அன்று. பின்னர் அமர்ந்த விசாரணைக் குழுவிலும் அவர் நேர்மைமீது எந்தக் குற்றமும் நிலைநாட்டப்படவில்லை.

பத்து மாதங்கள் கழிந்தன. 1903 ஜனவரி 24-ஆம் நாள், கொளுத்தும் வெயிலில், கால்கூர்லியில் பாரஸ்ட் நீரைத் திறந்துவிட்டார். எட்டு நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிய ஹெலினா ஆற்று நீர் பாலையில் பாய்ந்தது. மொத்தச் செலவு சுமார் 26½ லட்சம் பவுன். மதிப்பீட்டுக்கு மிக அருகில் வந்த கணக்கு அது.

பயன் யாருக்கு?

இனி அக்கணக்கின் மறுபக்கத்தைப் பார்ப்போம். மேற்கு ஆஸ்திரேலியாவின் பொன் விளைச்சல் அந்த 1903-ஆம் ஆண்டில்தான் உச்சம் தொட்டது. 20 லட்சம் அவுன்சுக்கு மேல். அதன் பின் ஆண்டுக்காண்டு சரிந்தது. பொன்னை நம்பி வந்த நீர், பொன் இறங்குமுகமாகும்போது வந்து சேர்ந்தது. கூல்கார்டி ஒருகாலத்தில் பல்லாயிரம் பேர் வாழ்ந்த ஊர். இன்று ஆயிரம் பேர்கூட இல்லை. முதல் ஆண்டுகளில் 50 லட்சம் காலனுக்குத் தேவையே ஏற்படவில்லை. கடன் தலைமேல் நிற்கும் என்று எச்சரித்தவர்கள் முழுதும் தவறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

ஆனால் விற்காமல் மிஞ்சிய அந்த நீர்தான் நாட்டை வாழவைத்தது. குழாய் சென்ற வழியிலிருந்த கண்டர்டின், கெல்லர்பெரின், மெரிடின் முதலிய இடங்களில் சில ஆண்டுகளுக்குள்ளேயே குடியானவர்கள் கிளைக்குழாய் கேட்டனர். அது வயலுக்குப் பாய்ச்சும் நீர் அன்று. கோதுமைப் பயிருக்குக் குளிர்கால மழை போதும். வீட்டுக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஆண்டு முழுதும் நீர் உறுதியாகக் கிடைத்தால்தான் உழவன் அங்கே குடும்பத்தோடு தங்க முடியும். அந்த உறுதியைக் குழாய் தந்தது. கோதுமைப் பண்ணைகள் பெருகின. அவற்றைச் சுற்றிச் சிற்றூர்களும் கடைகளும் பள்ளிகளும் தோன்றின. இருப்புப்பாதைக்குச் சரக்குக் கிடைத்தது; ஓகானர் அமைத்த துறைமுகத்துக்கு ஏற்றுமதிக் கோதுமை வந்தது. திட்ட அறிக்கையின் வருமானக் கணக்கில் இந்த வேலைவாய்ப்புகள் இடம்பெறவே இல்லை.

இழந்தவர்களும் உண்டு. நீர் காய்ச்சி விற்றோரும், வண்டியிலும் ஒட்டகத்திலும் நீர் சுமந்தோரும் தொழில் இழந்தனர். நீரைக் காக்கத் தெரிந்த பழங்குடி மக்கள் தம் நிலத்தில் வந்த குழாயின் முழுப் பயனைப் பெறவில்லை. பண்ணை விரிய விரிய அவர்கள் வாழிடம் சுருங்கிற்று.

மண்ணும் தன் கணக்கைக் கேட்டது. அணைக்கு நீர்வரத்தைக் கூட்டுவதற்காக 1903-ஐ அடுத்து நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களைப் பட்டை வெட்டிக் கொன்றனர். வேர்கள் உறிஞ்சாததால் நிலத்தடி நீர் ஏறி, மண்ணில் புதைந்திருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வந்தது. அணை நீர் கரிக்கத் தொடங்கியது. மரங்களை மீண்டும் வளரவிட்ட பிறகே நிலை சீர்ப்பட்டது. 1924-இல் உட் என்னும் இருப்புப்பாதைப் பொறியாளர் இவ்வுண்மையை விளக்கி எழுதினார். ஆயினும் கோதுமை நிலங்களில் காடழிப்பு நிற்கவில்லை. உப்பேறிய வயல்கள் இன்றும் அப்பகுதியின் தீராச் சிக்கல்.

குழாய் மண்ணுக்கடியில் துருப்பிடித்ததால் 1930-களில் அதை மேலே எடுத்துச் சீரமைத்தனர். பிற்காலத்தில் நீராவி எந்திரங்களின் இடத்தை மின்சார எந்திரங்கள் பெற்றன. இன்றும் லட்சம் பேருக்கு மேற்பட்டோர் அந்தக் குழாய் நீரைப் பருகுகின்றனர். கால்கூர்லி நகரம் இன்றும் பொன் எடுக்கிறது. பாலையில் முப்பதினாயிரம் பேர் வாழும் ஊராக நிற்கிறது. பிரிமாண்டில் துறைமுகத்தில் 1911-இல் ஓகானருக்குச் சிலை நிறுத்தப்பட்டது.

நம்மில் சிலர் நாளை இத்தகைய திட்டங்களில் பணிபுரியப் போகிறவர்கள். எல்லோருமே அவற்றுக்கு வரி செலுத்தப் போகிறவர்கள். ஓகானரை முன்னிறுத்தி இரண்டு கேள்விகளை நாம் கேட்டுப் பழகவேண்டும். எதற்காகத் திட்டம் தீட்டினார்களோ அந்தப் பயனை மட்டும் எண்ணி, தானே விளைந்த பயனையும் இழப்பையும் விட்டுவிடுகிறோமா? செலவைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் ஆதாரம் இன்றி உழைப்பவன் நேர்மைமீது சேறு வீசுகிறோமா? முதல் கேள்வியைக் கேட்காத நாட்டின் வயல்களில் உப்புப் பூத்தது. இரண்டாவதைக் கேட்காததால் அந்நாடு தன் தலைசிறந்த பொறியாளரை இழந்தது.